வெங்கானூர்ப் பள்ளிக்கூடம்

விழிஞ்ஞம் என்றதும் இன்று நம் நினைவில் எழுவது பெருங்கப்பல்கள் அணையும் துறைமுகம். 2025ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் அது நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆனால் திருவனந்தபுரத்திற்குத் தெற்கேயுள்ள இக்கடற்கரைக்கு அதனினும் பழைய பெருமை உண்டு. ஆய் மன்னர்களின் தலைநகராக விளங்கிய ஊர் இது. அம்மரபில் வந்த கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டில், காந்தளூர்ச் சாலையை மாதிரியாகக் கொண்டு, பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணாக்கர்க்கு ஒரு சாலை அமைத்தான் என்று செப்பேடு கூறுகிறது. அச்சாலையில் இடம்பெற்றோர் வேதம் ஓதும் மரபினரே. வயலில் உழைத்தோரின் மக்கள் பள்ளி வாயிலை மிதிக்க மேலும் ஓராயிரம் ஆண்டு செல்ல வேண்டியிருந்தது. அவ்வாயிலைத் திறக்க முயன்ற பெரியவரும் விழிஞ்ஞத்தை அடுத்த ஊரினரே.

அவ்வூர் வெங்கானூர்; அப்பெரியவர் அய்யன்காளி. 1863ஆம் ஆண்டில் புலையர் குடியில் பிறந்த அவர் எழுத்தறியாதவர். 1893ஆம் ஆண்டில், தம் குலத்தார்க்கு மறுக்கப்பட்டிருந்த பொதுவழியில் வில்வண்டி ஓட்டிச் சென்றவர். வழிநடக்கும் உரிமைக்கு அடுத்தபடியாக அவர் நாடியது எழுத்து. 1904ஆம் ஆண்டையொட்டி வெங்கானூரில் ஓலைக்கூரை வேய்ந்து ஒரு பள்ளி எழுப்பினார். அதனைத் தீயிட்டு அழித்தனர், மீண்டும் கட்டினார்.

கூரை வேய்வது எளிது. ஆசிரியரைத் தேடுவது அரிது. அவர் குலத்தில் எழுத்தறிந்தார் இல்லை. எழுத்தறிந்த பிற குலத்தார் அங்கு வர இசையவில்லை. முடிவில் திருவனந்தபுரம் கைதமுக்கைச் சேர்ந்த பரமேசுவரன் பிள்ளை என்பார் முன்வந்தார். வகுப்புத் தொடங்கிய நாளில் எதிர்ப்பாளர் கூடிக் கூச்சலிட்டனர். அதன்பின் காவலர் துணையுடன் அவரைப் பள்ளிக்கு அழைத்து வரவும், திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் நேர்ந்தது. மாலையில் குளித்த பின்னரே அவர் தம் வீட்டினுள் புகுவார் என்றும் வரலாற்றாளர் குறிப்பர்.

இச்செய்தியை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பகலில் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். மாலையில் அவர்களைத் தொட்ட தீட்டைக் கழுவுகிறார். இதனைக் குறையென்பதா, நிறையென்பதா? குளியாமல் வீடு புகுந்திருந்தால் அவ்வீடு அவருக்கு இல்லாமற் போயிருக்கலாம்; வீட்டார்க்கு அஞ்சி வராதிருந்தால் அப்பள்ளிக்கு ஆசிரியர் இல்லை. பழைய வழக்கத்திற்கு ஒரு குடம் நீரை விட்டுக்கொடுத்து, ஒரு தலைமுறைக்கு எழுத்தைப் பெற்றுத்தந்தார் என்று கொள்வதே பொருந்தும். ஆயினும் அந்தக் குடநீரைக் கண்டு வளர்ந்த குழந்தையின் உள்ளம் பட்ட புண்ணை நாம் மறந்துவிடலாகாது.

குழந்தைகளின் பெற்றோர்க்கும் தயக்கம் இருந்திருக்கும். அன்றாடக் கூலியை நம்பிய வீட்டில் சிறுவன் கையும் ஒரு கைதானே! நிலமுடையவரின் சினத்திற்கு ஆளாகிப் பெறும் எழுத்து என்ன சோறு போடும்? இவ்வையத்திற்கு அய்யன்காளி அளித்த விடை சொல்லன்று, செயல். 1907ஆம் ஆண்டில் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் உங்கள் வயலில் இறங்கோம் என்று உழவுத் தொழிலாளரை வேலைநிறுத்தத்தில் நிற்கச் செய்தார். பசி வாட்டியபோது கைகொடுத்தவர் விழிஞ்ஞத்து மீனவர். தங்கள் படகுகளில் அத்தொழிலாளர்க்கு வேலை தந்தனர். இறுதியில் மாஜிஸ்திரேட் கண்டல நாகம் பிள்ளை நடுவராயிருந்து உடன்பாடு கண்டார்.

ஆணை பிறந்தும் வாயில் எளிதில் திறக்கவில்லை. ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்னும் சிறுமியைச் சேர்க்க அய்யன்காளி அழைத்துச் சென்றபோது கலகம் மூண்டது, பள்ளி எரிந்தது. அதே பள்ளிக்கு 2022ஆம் ஆண்டில் அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டன. 1937ஆம் ஆண்டில் காந்தியடிகள் வெங்கானூர் வந்தபோது, தம் குலத்தில் பத்துப் பட்டதாரிகளைக் கண்டபின் கண்மூட வேண்டும் என்பதே தம் ஆசை என்றார் அப்பெரியவர். 1941ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

பிறமாநிலங்களில் வாழும் நம் மக்களுக்கு இவ்வரலாறு அயலானதன்று. மொழியும் வழக்கமும் வேறான ஊரில் நம் பிள்ளைகளும் ஆசிரியர் முன் அமர்கின்றனர். வகுப்பில் ஒரு நெறி, வீட்டில் ஒரு நெறி என இரண்டுக்கும் இடையே நடப்பது அப்பிள்ளைகளே. ஆசிரியர் நம் வீட்டை அறியார். நாமும் அவர் உள்ளத்தை முற்றும் அறியோம். பிள்ளையின் நாளையைக் கருதி இருவரும் ஓரடி முன்வந்தால் இடைவெளி குறையும். காவலரோடு நடந்து வந்த அந்த ஆசிரியரும், எழுத்தறியாமலே எழுத்தின் அருமையறிந்த அப்பெரியவரும் நமக்கு உணர்த்துவது இதுவே.