கொட்டையும் சாணிப்பாலும்

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்குக் கோடியில், காலபார் என்ற துறைமுகம் இருக்கிறது. அங்கே எஃபிக் ஜனங்களிடம் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஊரில் ஒருவர் திடீரென்று செத்தால் யாரோ சூனியம் வைத்துவிட்டதாகச் சந்தேகம் எழும். சந்தேகத்துக்கு ஆளானவனுக்கு எஸெரே என்ற விஷக்கொட்டையை இடித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பார்கள். வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி, செத்தால் சூனியக்காரன். அப்பீல் கிடையாது.

காட்டுமிராண்டித்தனம் என்று சொல்ல நாக்குத் துடிக்கிறது. அவசரப்பட வேண்டாம். நம்முடைய யாக்ஞவல்கிய ஸ்மிருதியிலும் தராசு, நெருப்பு, நீர், விஷம், சுவாமி அபிஷேக ஜலம் என்று ஐந்து சத்தியப் பரீட்சைகள் உண்டு. இதெல்லாம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1783-ல் காசியில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டை ஏந்தி நடந்த ஒருவன் ஜயித்தான். கொதிக்கும் எண்ணெயில் கைவிட்ட இன்னொருவன் கை வெந்து தோற்றான். சுசீந்திரம் கோயிலில் கொதிக்கும் நெய்யில் கைவிடும் 'கைமுக்கு' வழக்கம் ஸ்வாதித் திருநாள் காலம் (1829–46) வரை இருந்தது.

எல்லாவற்றிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மடியில் கனமில்லாதவன் கொட்டைத் தண்ணீரை மடமடவென்று குடிப்பான், வயிறு ஏற்காமல் வெளியே வந்துவிடும். பயந்தவன் கொஞ்சம் கொஞ்சமாய்க் குடித்துச் சாவான் என்பார்கள். திருட்டைக் கண்டுபிடிக்க நம் ஊரில் அரிசியை மெல்லச் சொன்னதும் இதே கணக்குதான். திருடனுக்கு வாய் உலர்ந்துவிடுமாம். பயம் திருடனுக்கு மட்டும் சொந்தமா? மிராசுதார் முன் நிற்கும் ஏழைக்கு, எடுக்காவிட்டாலும் நாக்கு ஒட்டிக்கொள்ளாதா?

எங்கள் காவேரிக்கரையில் அந்தப் பரீட்சைகூட இல்லாமல் தண்டனை நடந்தது. அன்றைய தஞ்சை ஜில்லாவின் கீழ்ப்பகுதிப் பண்ணைகளில், சொன்ன வேலை நடக்கவில்லை என்றால் பண்ணையாளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தார்கள். சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்தார்கள். சாணிப்பால் என்று அதற்குப் பெயர். பாலாம்! குடித்தவன் வாந்தி எடுத்தால் விடுதலை இல்லை. கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிடவும் இல்லை. குற்றம் சாட்டியவரே நீதிபதி.

நிறுத்தியது சாஸ்திரம் அல்ல, குடித்தவர்களேதான். 1943-ல் கீழத்தஞ்சைக்கு வந்த, கன்னடம் தாய்மொழியான, பி. சீனிவாசராவ் சேரி சேரியாக நடந்து அவர்களைச் சங்கமாகச் சேர்த்தார். 1944-ல் களப்பாலிலும் மன்னார்குடியிலும் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. சவுக்கும் சாணிப்பாலும் ஒழிய வழி பிறந்தது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆயிற்று.

களத்து நெல்லை மரக்கால் மரக்காலாக எழுதிவைத்த கணக்குப்பிள்ளைகள், சாணிப்பால் குடித்தவர்களில் எத்தனை பேர் நிரபராதிகள் என்று எழுதிவைக்கவில்லை.