டெலிபோன் கம்பியா, கேபிள் வயரா?

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2007-ல் பொட்டி தட்ட புனே வந்த புதுசு. வாடகை வீடு, ஆறு மாசக் கைக்குழந்தை. திருநெல்வேலியில் இருந்து அப்பா தினமும் போனில், "பிள்ளை எப்படி இருக்கா?" வீட்டுக்கு நெட் போட்டு வெப்கேம் வாங்கணும்னு தங்கமணி உத்தரவு. டிஎஸ்எல்லா கேபிளான்னு ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். அந்த முடிவை எனக்கு முன்னாடியே வேற யாரோ எடுத்துட்டாங்கன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

நம்ம நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், விஎஸ்என்எல் மூலமா. மோடம் கீச்சுக் கீச்சுன்னு கத்தி இணைப்பு கிடைக்கும். அந்த நேரம் யாராவது போன் பண்ணினா எங்கேஜ்டு. 1998-ல் தனியாரையும் அனுமதிச்சாங்க. ஆனா பெரும்பாலான வீடுகளுக்குள் வந்த செப்புக் கம்பி அரசாங்கத்தோடது.

டிஎஸ்எல் ஓடுறது அதே கம்பியில்தான். பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே, டேட்டா அதுக்கு மேலே. ரெண்டையும் பிரிக்க ஸ்ப்ளிட்டர்னு ஒரு குட்டி டப்பா. எக்ஸ்சேஞ்ச் தூரமானா வேகம் குறையும். இந்தக் கம்பியை மத்த கம்பெனிகளும் பயன்படுத்தட்டும்னு 2004 ஏப்ரலில் டிராய் பரிந்துரை பண்ணுச்சு. அக்டோபரில் வந்த பிராட்பேண்ட் கொள்கை, 2010-க்குள் 2 கோடி இணைப்புன்னு இலக்கு வச்சதே தவிர, கம்பியைத் திறந்து விடுறதைக் கட்டாயமாக்கலை. ஆக, 2005-ல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தப்போ டிஎஸ்எல் வேணும்னா முதல்ல லேண்ட்லைன் வேணும்.

கேபிள் கதை வேற. 1991 வளைகுடாப் போரை டிவியில் பார்க்க ஆரம்பிச்ச சூட்டில் தெருவுக்குத் தெரு டிஷ் முளைச்சுது. மரம், மொட்டை மாடின்னு வயர் ஓடுச்சு. சட்டம் வந்ததே 1995-ல்தான். அந்த வயர் ஒருவழிப் பாதை. படம் வீட்டுக்கு வரும், வீட்டிலிருந்து எதுவும் திரும்பிப் போகாது. வசதி இருந்தவங்க அதை இருவழியாக்கி கேபிள் மோடம் கொடுத்தாங்க. மத்தவங்க மாடிக்கு மாடி தனியா லேன் வயர் இழுத்து, நடுவில் ஸ்விட்ச் வச்சாங்க. நாம அதையும் 'கேபிள் நெட்'னுதான் சொன்னோம்.

என் கதைக்கு வர்றேன். லேண்ட்லைனுக்கு முகவரிச் சான்று வேணும். வீட்டு ஓனர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். கேபிள்காரர் சாயங்காலமே வயர் சுருளோட பைக்கில் வந்தார். கேட்டது பேரு, ஃபிளாட் நம்பர், ரெண்டு மாச அட்வான்ஸ். அவ்வளவுதான்!

ஊரில் அப்பாகிட்ட இருபது வருஷப் பழைய லேண்ட்லைன். அதில் டேட்டாஒன். அவர் பிளானில் ராத்திரி 2 மணியில் இருந்து காலை 8 வரை எவ்வளவு ஓட்டினாலும் கணக்கில் வராது. அதனால அஞ்சரைக்கே குளிச்சு, விபூதி பூசி, கேமரா முன்னாடி உட்கார்ந்துடுவார். பேத்தி முழிக்கிறதே ஆறுக்கு மேலதான்.

2008 மழையில் இடி விழுந்து எங்க மாடி ஸ்விட்ச் கருகிடுச்சு. நாலு நாள் நெட் இல்லை. போன் பண்ணிச் சொல்லியும் அவர் நாலு நாளும் உட்கார்ந்திருக்கார். "ஏல, ஒருவேளை வந்துட்டா?"ன்னார்.

ஒரே ஊரில் இருந்தவங்களுக்குச் செப்புக் கம்பி. வீடு மாறிக்கிட்டே இருந்த நமக்கு மொட்டை மாடி வயர். 256 கேபிபிஎஸ்னு தொடங்கின பிராட்பேண்ட் இலக்கணம் 2023-ல் 2 எம்பிபிஎஸ் ஆச்சு. நான் இருக்கிற வீட்டுக்கும் ஃபைபர் வந்தாச்சு. அப்பாதான் இல்லை, 2011-லேயே போயிட்டார். பொண்ணுக்குத் தாத்தான்னா இன்னிக்கும் ஞாபகம் வர்றது, நின்னு நின்னு அசையுற அந்த விபூதி நெத்திதான்.