நிறுத்தி வைப்பதா, ஒதுக்கி வைப்பதா?

தரவு ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. போய்ச் சேர வேண்டிய தரவுத்தளமோ விழுந்து கிடக்கிறது. தெமட்டகொடை ஓரியன் சிற்றியில் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடே இருண்டதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்களின் செயற்றிட்டமாகப் பிறந்து, டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தில் வளர்ந்த 'சித்தி' என்ற மென்பொருள் இதற்குத் தரும் வழிகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று 'வெயிட்', மற்றது 'ஸ்டோர்'. எதையும் குறிப்பிடாமல் விட்டால் 'லொக்': பிழையைக் குறித்துவிட்டு நிகழ்வைக் கைவிட்டுவிடும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

மருதானைக்கு முன் சிவப்பு சிக்னலில் ரயிலை நிறுத்துவது போன்றது வெயிட். தெமட்டகொடை யார்ட்டுக்குத் திருப்பிவிடுவது ஸ்டோர். வெயிட்டில் வரிசை குலையாது. இணைப்பு திரும்பும்வரை இடைவெளி விட்டு விட்டு முயலும், பின்னால் வருவதெல்லாம் நிற்கும். தரவு வரும் மூலம் காஃப்கா என்ற செய்தி வரிசை மென்பொருள் என்றால் கவலை குறைவு. அது இயல்பாகவே 7 நாள் செய்திகளை வைத்திருக்கும். எச்ரிரிபி வழியாக வருகிறதென்றால் அப்படியில்லை. அனுப்பியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் துண்டித்துக்கொள்வார்.

ஸ்டோரில் ஓட்டம் நிற்காது. மோசடி எச்சரிக்கை போன்ற மற்றக் கிளைகள் தொடர்ந்து வேலை செய்யும். சிக்கல் பிறகுதான் வரும். 'மீதி 5,000 ரூபா' என்ற நிகழ்வு ஒதுக்கப்பட்டிருக்கிறது. தரவுத்தளம் எழும்பியதும் 'மீதி 3,000' பதிவாகிவிடுகிறது. பின்னேரம் யாரோ ஒதுக்கியவற்றை மீண்டும் அனுப்ப, மீதி மறுபடியும் 5,000 ஆகிறது! நேரமுத்திரையைப் பார்த்துப் பழையதைத் தள்ளிவிடும் ஏற்பாடு இல்லாத இடத்தில் ஸ்டோரைத் தொடக்கூடாது என்பேன். கணக்குப் பதிவென்றால் வெயிட், எச்சரிக்கையும் அளவீடும் என்றால் ஸ்டோர் என்பது என் தெரிவு.

இரட்டைப் பதிவு இரண்டுக்கும் பொது. தரவுத்தளம் எழுதி முடித்து, பதில் மட்டும் வராமல் போனாலும் மறுமுயற்சி நடக்கும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனி இலக்கம் இருந்தால்தான் அதைத் தடுக்கலாம்.

ஸ்டோரை எடுப்பவர் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். ஒதுக்கியவை போய்ச் சேருவதும் இன்னொரு தரவுத்தளத்துக்குத்தான். செலவைக் குறைக்கவென்று அதையும் அதே சேர்வரில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே விழும்.