வகுப்பறை வாசலுக்கு வெளியே ஒரு திரை: பாடியிலிருந்து லாரி கியூபனுக்கு ஒரு மறுப்பு

வகுப்பில் படமும் ஒலியும் ஏன் நிலைக்கவில்லை என்று யார் எழுதத் தொடங்கினாலும் அமெரிக்கக் கல்வி வரலாற்றாசிரியர் லாரி கியூபனைத் தொடாமல் நகர முடிவதில்லை. 1986-இல் வெளிவந்த அவருடைய ‘ஆசிரியர்களும் எந்திரங்களும்’ நூல், 1920-க்குப் பின் அமெரிக்கப் பள்ளிகளுக்குள் நுழைந்த திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி மூன்றையும் ஒரே சுற்றில் வைத்துக் காட்டியது. முதலில் ஆரவாரம், அடுத்து ஆய்வாளர்களின் சான்றிதழ், பிறகு ஏமாற்றம், கடைசியில் ஆசிரியர் தலையில் பழி.

அந்தப் பழியைக் கியூபன் ஏற்கவில்லை. அறை நிறையப் பிள்ளைகளையும், மணியடித்தால் மாறும் பாடவேளையையும் சமாளிக்கும் ஆசிரியர், தம் வேலைக்கு ஒத்துவரும் கருவியை எடுத்துக்கொண்டார், ஒத்துவராததை ஒதுக்கினார் என்றார். ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்ட வாதம் இது. கருவி கைக்கு எட்டாததும், தேவையான படம் கிடைக்காததும் காரணங்களே என்று அவர் எழுதியிருப்பதையும் மறைக்கக் கூடாது. 1964-இல் அமெரிக்கச் சமோவாவில் பாடங்களையே தொலைக்காட்சிக்கு ஒப்படைத்த முயற்சியும் அவர் கணக்கில் வருகிறது. ஆனால் எந்த எடுத்துக்காட்டை எடுத்தாலும் அவருடைய நாடகம் நடக்கும் மேடை ஒன்றுதான்: வகுப்பறை வாசல். கருவி உள்ளே வந்ததா, ஆசிரியர் விட்டாரா? சென்னையின் ஓரத்துப் பாடியைப் போன்ற ஓர் ஊரில் நின்று பார்த்தால் இந்தக் கேள்வியே தவறான இடத்தில் கேட்கப்பட்டதாகத் தோன்றுகிறது.

வானொலியிலிருந்து பார்க்கலாம். சென்னை மாநகராட்சி தன் வானொலியை 1930 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி 1924-இல் நிறுவிய வானொலிக் கழகம் பணமின்றி நின்றுபோன பின் கைமாறிய கருவிதான் அதற்கு மூலம். அதன் நிகழ்ச்சி நிரலில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கான இசைப் பாடங்களும் கதைகளும் இருந்தன. பாடி அன்று செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தது. அலை எல்லை பார்ப்பதில்லை, ஆனால் வானொலிப் பெட்டி பார்க்கும். அம்பத்தூர் நகராட்சியோடு சேர்ந்து பாடி சென்னைக்குள் வந்தது 2011-இல்தான்.

1975 இன்னும் விசித்திரம். ஆகஸ்ட் 1-ஆம் தேதி ‘சைட்’ எனப்பட்ட செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனை ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களில் தொடங்கி ஓராண்டு நடந்தது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு என்று இந்தி, ஒடியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் ஒளிபரப்பு. தமிழ்நாடு பட்டியலில் இல்லை. இரண்டே வாரம் கழித்து, ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் திறக்கப்பட்டது. எண்பதுகளில் இன்சாட் செயற்கைக்கோள் வழிப் பள்ளி ஒளிபரப்புக்கு ஆறு மாநிலங்களைத் தேர்ந்தபோதும் தமிழ்நாடு விடுபட்டது. ஆக, அண்டை மாநிலக் கிராமத்துப் பள்ளிக்குப் பெட்டி போன காலத்தில் சென்னை வட்டாரத்தில் அது வசதியுள்ளவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தது. தமிழ்நாட்டு ஆசிரியர் எதையும் மறுக்கவில்லை; மறுக்கும்படி அவர் முன் பெரிதாக எதுவும் வைக்கப்படவில்லை.

இக்கட்டுரை அதிகம் நம்பும் சான்று மிகச் சிறியது: 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில், குறிப்பாகக் கணக்கு, அறிவியல் நூல்களில், பாடத்தின் கடைசியில் வரும் ‘இணையச் செயல்பாடு’ என்ற கட்டம். படி 1, படி 2 என்று வழி சொல்லும். கீழே உரலி, பக்கத்தில் க்யூஆர் கோடு. கணக்கு நூலில் பெரும்பாலும் ஜியோஜீப்ராவுக்குப் போகும். அடியில் பொடி எழுத்தில், தேவைப்பட்டால் ஃப்ளாஷ் பிளேயரை அனுமதிக்கச் சொல்லும் குறிப்பு சிலவற்றில் உண்டு. எல்லோரும் தாண்டிப் போகும் இந்தக் கட்டத்தை, பாடியின் திருவலிதாயம் கோயில் சுவரில் கல்வெட்டைத் தடவிப் படிப்பதுபோல் ஒருமுறை படிக்கலாம்.

முதலில், அது யாரிடம் பேசுகிறது? வகுப்பில் திரையிட்டுக் காட்டுங்கள் என்று ஆசிரியரிடம் அல்ல. ஒரு கை, ஒரு தொடுதிரை, சொடுக்கு, நகர்த்து என்றுதான் போகிறது. நூலின் தொடக்கத்தில் உள்ள க்யூஆர் கோடு விளக்கமும் வாசிப்பவரின் சொந்தத் திறன்பேசியில் செயலியை இறக்கச் சொல்கிறது. மாணவர் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது என்பதோ இங்கே எல்லோரும் அறிந்த விதி. அப்படியானால் அச்சிட்ட அந்தக் கட்டம் திறக்கும் இடம் வீடுதான். ஆசிரியர் தம் பேசியை வகுப்பில் நீட்டிக் காட்டியிருக்கலாமே என்பார்கள். காட்டியிருக்கலாம், கட்டம் அதை எதிர்பார்த்து எழுதப்படவில்லை என்பதே இங்கு வாதம்.

இரண்டாவது, காலம். ஃப்ளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-இல் நிறுத்தியது. அந்தக் கல்வியாண்டு முழுக்கத் தொடக்கப் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-இல். வீடே வகுப்பான ஆண்டில் பொடி எழுத்துக் குறிப்பு செல்லாக்காசானது. இதில் ஆசிரியரின் விருப்பு வெறுப்புக்கு என்ன பங்கு? கியூபனின் சுற்றில் இதற்கு இடமில்லை.

வீட்டை மையமாக வைத்தால் வேறு தேதிகள் முன்னே வருகின்றன. இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2006 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. 2011-இல் அதே நாளில், பாடியும் அன்று சேர்ந்திருந்த திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில், மாணவர்களுக்கு இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பள்ளிப் பாடங்களுக்கான அரசின் ‘கல்வி தொலைக்காட்சி’ 2019 ஆகஸ்ட் 26-இல் வந்து அரசு கேபிளில் 200-ஆம் எண்ணில் அமர்ந்தது. அடுத்த ஆண்டு பள்ளிகள் மூடியபோது பாடம் போய்ச் சேரப் பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தது. பள்ளிக்காகத் தரப்படாத பெட்டி பள்ளியாயிற்று.

லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்று ஆலைகள் சூழ்ந்த பாடியில் இது எளிதாக நடந்திருக்காது என்று கருத இடமுண்டு. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்கும் ஒற்றை அறையில்தான் காலைப் பாடமும் ஓடவேண்டும். பேசி ஒன்று, பிள்ளைகள் இரண்டு. இதற்கு எண்ணிக்கைச் சான்று காட்ட முடியாது, ஆனாலும் கியூபன் வகுப்பறையில் தேடிய நெருக்கடி இங்கே கூடத்துக்கு இடம்மாறியிருக்கிறது என்ற வாசிப்பை அது பலவீனப்படுத்தவில்லை.

எஞ்சுவது, திரையும் ஒலியும் இங்கே பாடமான கதையை எந்த ஆண்டில் தொடங்குவது என்ற கேள்வி. 1930 பழமைக்காக மட்டும் நிற்கிறது. 2019 அரசாணைக்காரருக்கு வசதி. இக்கட்டுரை 2006 பக்கம் சாய்கிறது. அந்தத் திட்டம் பொழுதுபோக்கையும் பொது அறிவையும் சொன்னதே தவிரப் பாடத்தைச் சொல்லவில்லை என்ற ஆட்சேபம் வலுவானது, அதற்கு முழு விடை இல்லை. 2024 முதல் தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்ற அறிவிப்போடு திரை மறுபடி கியூபனின் வாசலுக்கே வந்திருக்கிறது. அங்கே அவருடைய சுற்று பலிக்கலாம். அது வேறு கட்டுரை.