கூண்டு ஏத்துன வண்டி

போன மாசம் நண்பன் ஒரு வீடியோ அனுப்பினான். ஏதோ ஒரு நாட்டில் ஒரு குடும்பம் காருக்குப் பின்னால் சின்னப் பெட்டி மாதிரி ஒன்றை இழுத்துக்கொண்டு போகிறது. ஏரிக்கரையில் நிறுத்தி கூரையைத் தூக்கினால் அது வீடாகிவிடுகிறது. பாப்-அப் கேம்பர். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன அதிசயம்? நம்ம சாளையில கெடக்குதே கூண்டு, அதுவும் இதேதான்" என்றார்.

மதுக்கரை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு சிமெண்ட் ஞாபகம் வரும். எங்கள் வீட்டுக்கு வண்டிதான். அப்பாருவிடம் ஒரே ஒரு மாட்டு வண்டி இருந்தது. வாரத்தில் அது குப்பை அடிக்கிற மொட்டை வண்டி. நோம்பி நாளில் கழுவித் துடைத்து கூண்டை ஏற்றினால் சவாரி வண்டி. மூங்கிலை வளைத்து மேலே பாய் வேய்ந்த கூண்டை நாலு பேர் தூக்கி வைத்து, வண்டியின் மொளைக்குச்சிகளோடு கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். வசதியானவர்கள் தனியாக வில்வண்டி வைத்திருந்தார்கள். எங்களுக்கு ஒன்றே இரண்டாக மாறியது.

இப்போது அந்தக் கூண்டை ஒரு விடுதிக்காரர் விலைக்குக் கேட்கிறார். வாசலில் அலங்காரத்துக்கு வைப்பாராம். கொடுப்பதற்கு முன்னால் அதன் கதையை எழுதி வைத்துவிடலாம் என்று அப்பத்தாவிடம் உட்கார்ந்தேன்.

1967 தைப்பூசத்துக்குப் பழனி போனதிலிருந்து தொடங்கினாள். கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம், பழனி. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். மாடு மணிக்கு நாலு கிலோமீட்டர் நடந்தால் அதிகம். போக மூன்று நாள், வர மூன்று நாள்.

"பொறப்படறதுக்கு ரெண்டு நாளு முன்னாலயே சக்கரத்தக் கழட்டிக் குட்டைல போட்டறோணும் கண்ணு."

எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. மரச்சக்கரத்தின் கதையே அதில்தான் இருக்கிறது. நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், சுற்றிலும் வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டா. பட்டாவை ஆணி அடித்து மாட்டுவதில்லை. எருவாட்டி அடுக்கி நெருப்பு மூட்டி, பட்டா சூட்டில் விரிந்ததும் சக்கரத்தின்மேல் இறக்கி, தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். ஆனால் கோடையிலும் பனியிலும் மரம் காய்ந்து இளைக்கும், பட்டா தளரும். தண்ணீரில் ஊறவைத்தால் மரம் மறுபடி உப்பி பட்டாவை நிறைத்துவிடும்.

அடுத்தது மை. வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து இருசுக்குப் போட வேண்டும். அப்புறம் கடையாணி. உருவிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். மாட்டுக்கு லாடம், பூட்டாங்கயிறு, நுகத்தடியில் கழுத்து படுகிற இடம், எல்லாம் பார்க்க வேண்டும்.

உள்ளே அடுக்குவது அப்பத்தா வேலை. அடியில் வைக்கோல். அது மெத்தையும் ஆச்சு, மாட்டுக்குத் தீனியும் ஆச்சு. போகப்போக மெத்தை மெலியும். அதன்மேல் பவானி ஜமக்காளம். புளிச்சோறு, ஒப்புட்டு, தூக்குப்போசியில் தண்ணீர் எல்லாம் பின்பக்கம், இறங்காமலே எடுக்கிற மாதிரி. ராத்திரிக்கு வேண்டிய போர்வை கடைசியில் ஏறும், முதலில் இறங்கும். பாரம் முன்னால் அதிகமானால் மாட்டின் கழுத்தில் அழுத்தும். பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும். ஆளையும் சாமானையும் எடை பார்த்து உட்கார வைப்பாளாம். குண்டு மாமா எப்போதும் நடுவில்தான்!

இதெல்லாம் எவ்வளவு பழைய பழக்கம் என்பது பெரும்பாணாற்றுப்படை படித்தபோது தெரிந்தது. உப்பு விற்கப்போகிற உமணர் குடும்பங்களின் வண்டியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அங்குலம் அங்குலமாகச் சொல்கிறார். முழு மரத்தில் செய்த சக்கரம், மேலே வேய்ந்த கூரை, கோழி அடைகிற கூடு, கட்டித் தொங்கவிட்ட சின்ன உரல், கயிற்றால் பிணித்த காடிப் பானை. பிள்ளையோடு இருக்கிற பெண்தான் மாட்டை ஓட்டுகிறாள். சிறுபாணாற்றுப்படையில் அந்தப் பிள்ளைகளோடு ஒரு குரங்குகூட விளையாடுகிறது. சரக்கு வண்டிதான், ஆனால் அதுவே வீடு. புறநானூற்றின் 102ஆவது பாட்டில் ஔவையார், உமணர் வண்டிக்கு அடியில் கட்டி வைக்கிற சேம அச்சைச் சொல்கிறார். நாம் ஸ்டெப்னி என்கிறோமே, அது.

எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் இருக்கிறது. பக்கத்து வெள்ளலூரில் 1842இல் ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல் கிடைத்தது. அந்தக் காசுகளை இவ்வளவு தூரம் உள்நாட்டுக்குள் கொண்டுவந்த வழியில் வண்டிகளும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 1862இல் போத்தனூரிலிருந்து கணவாய் வழியாக மேற்கே ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் கோயிலுக்குப் போக வண்டிதான் பூட்டினார்கள். ரயிலில் வைக்கோல் மெத்தை கிடையாதே.

1965இல் மத்திய அரசு வண்டி மாடுகளுக்கு விதிகள் போட்டது. ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வண்டியில் ஓட்டுபவரையும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் தவிர்த்து 4 பேர்தான். அப்பத்தாவிடம் இதைச் சொன்னதும் சிரித்தாள்.

"நாங்க எத்தன பேரு தெரியுமா? ஒம்போது பேரு."

விரல்விட்டு எண்ணினாள். ஒன்பதும் சரியாக வந்தது. பிறகு நான் கேட்டேன், "சக்கரத்தக் குட்டைல போட்டது யாரு அப்பத்தா? அப்பாரா?"

"அவரு எங்க போட்டாரு? பண்ணையத்து ஆளு போட்டான்."

மை போட்டது? அவர். ராத்திரியில் லாந்தரைப் பிடித்துக்கொண்டு மாட்டுக்கு முன்னால் நடந்தது? அவர். பழனி வரைக்குமா? ஆமாம். அப்படியானால் பத்துப் பேர். அப்பத்தா பதில் சொல்லவில்லை. அவரை விட வயதில் சின்னவளான அவள் வாயில் 'அவன்' என்றே வந்தது. சாதி அப்படி. வண்டியில் காலி இடம் இருந்தாலும் அவர் ஏற முடியாது.

"ராத்திரி அவரு எங்க படுத்தாரு?"

"வண்டிக்கடியில."

சேம அச்சு கட்டியிருக்கும் அதே இடம். ஒவ்வொரு சாமானுக்கும் இடம் வைத்திருந்த வண்டியில் அவருக்கு இருந்த இடம் அது. இவ்வளவு நேரம் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நோட்டை மூடிவிடலாமா என்றிருந்தது. அப்பத்தா கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்: "பனி கொட்டும். ஒரு போர்வ குடுத்தேன். அத்தயும் திருப்பி வாங்கிக்கல." திருப்பி வாங்காதது அன்பினாலா, அவர் போர்த்தியதை வாங்கக் கூடாது என்பதாலா? கேட்டேன். "ரெண்டுந்தான்" என்றாள்.

கூண்டை விற்பதா வேண்டாமா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது. அந்தப் பெரியவரின் பேரன் இப்போது பொள்ளாச்சி ரோட்டில் சொந்தமாக டெம்போ டிராவலர் வைத்து ஓட்டுகிறார். பழனிக்குத்தான் சவாரி அதிகம். போய்ப் பார்த்தேன். தாத்தா வண்டி மை குழைக்கிற பதத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அப்பத்தா சொன்னதில் இரண்டு தப்பு இருக்கிறது என்றார். முதலாவது, விளக்கெண்ணெயின் அளவு.

இரண்டாவது, அந்தப் போர்வை. தாத்தா அதை வீட்டுக்கே கொண்டுவரவில்லையாம்.