பினைல்கீட்டோனூரியா

பினைல்கீட்டோனூரியா, பிறவியிலேயே வரும் வளர்சிதை மாற்றக் கோளாறுகளுள் ஒன்று. புரத உணவிலுள்ள பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடலால் மாற்றிப் பயன்படுத்த முடியாமல் போவதே இந்நோய். மருத்துவர்கள் சுருக்கமாகப் பி.கே.யூ. என்பார்கள். சிகிச்சை கிடைக்காத குழந்தைக்கு மூளை வளர்ச்சி மீளமுடியாதபடி குன்றிவிடும். பிறந்த பத்து நாட்களுக்குள் நோயை அறிந்து உணவைத் திருத்தினால், அதே குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலப் படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தும். அறிகுறி தெரிந்தபின் நோயைத் தேடுவது என்ற மருத்துவத்தின் பழைய வழக்கம் இங்கே பயன்படாது. அறிகுறி தெரியும்போது இழப்பு நேர்ந்து முடிந்திருக்கும். நலமாகத் தோன்றும் எல்லாக் குழந்தைகளையும் பிறந்தவுடன் சோதிக்கும் முறை உலகெங்கும் பரவியதற்கு இந்த நோயே காரணம்.

உடலில் நடப்பது

நாம் உண்ணும் புரதத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு பினைல்அலனின். பருப்பு, பால், முட்டை, மீன், இறைச்சி என எதில் புரதம் உண்டோ அதில் இதுவும் உண்டு. உடலால் இதைத் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. வளர்ச்சிக்கு வேண்டியது போக மிஞ்சுவதைக் கல்லீரலிலுள்ள பினைல்அலனின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி டைரோசினாக மாற்றுகிறது. அந்த நொதிக்கு டெட்ராஹைட்ரோபயாப்டெரின் என்ற துணைப்பொருளும் வேண்டும். நொதி பழுதுபட்டால் பினைல்அலனின் இரத்தத்தில் தேங்கும். நலமானவர்களிடம் லிட்டருக்கு 120 மைக்ரோமோலுக்குக் கீழே இருக்கும் அளவு, கடுமையான நோயில் 1,200-ஐத் தாண்டிவிடும்.

தேங்கிய பினைல்அலனின் மூளைக்குள் நுழையும் வழியை அடைத்துக்கொள்கிறது. டைரோசின், டிரிப்டோஃபான் போன்ற பிற அமினோ அமிலங்களும் அதே வழியாகத்தான் போக வேண்டும். அவை குறைவதால் டோபமின், செரடோனின் ஆகியவற்றின் உற்பத்தி குறைகிறது. நரம்பிழைகளைச் சுற்றி அமையும் மயலின் உறையும் சரியாக அமைவதில்லை. மெலனின் என்ற நிறமியும் டைரோசினிலிருந்து வருவதால் முடியும் தோலும் வெளிறும். தலைமுறை தலைமுறையாகக் கருமுடி உள்ள குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு மட்டும் பழுப்பு முடி இருந்தால், அதையும் ஒரு தடயமாகக் கொள்ள வேண்டும்.

கருவிலிருக்கும்போது குழந்தையின் மிகையைத் தாயின் உடல் நீக்கிவிடுகிறது. ஆகவே பிறக்கும்போது எடை, அழுகை, நிறம் எல்லாம் சரியாகவே இருக்கும். பால் குடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அளவு ஏறுகிறது. சில மாதங்கள் கழித்துத்தான் தலை நிற்பது, உட்காருவது, முகம் பார்த்துச் சிரிப்பது ஆகியவை பிந்துகின்றன. பிறகு வலிப்பு, தோல் படை, ஓரிடத்தில் நிலைகொள்ளாத துருதுருப்பு, சிறுநீரிலும் வியர்வையிலும் ஒருவித மக்கல் வாடை.

மரபு

இதற்குரிய மரபணு 12-ஆம் குரோமோசோமில் உள்ளது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிழைகள் அறியப்பட்டுள்ளன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வரும். ஒரே ஒரு பழுதான பிரதி உள்ளவர் முழு நலத்துடன் இருப்பார்; தம்மிடம் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. அத்தகைய இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்கு நோய் வரும் நாட்டில், ஏறத்தாழ ஐம்பது பேரில் ஒருவர் பழுதான பிரதியைச் சுமந்துகொண்டிருப்பார். அயர்லாந்திலும் துருக்கியிலும் நோய் அதிகம். பின்லாந்திலும் ஜப்பானிலும் மிகக் குறைவு.

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்தில் மணமுடிக்கும் வழக்கம் தமிழர்களிடையே நெடுங்காலமாக உண்டு. ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வந்த ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அத்தகைய மணத்தில் கூடுகிறது. பி.கே.யூ.-க்கு மட்டுமல்ல, இதே முறையில் இறங்கும் நூற்றுக்கணக்கான அரிய நோய்களுக்கும் இது பொருந்தும். குழந்தைக்குக் காரணம் புரியாத வளர்ச்சிக் குறை என்றால், பெற்றோர் உறவினரா என்பது மருத்துவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளுள் ஒன்று.

ஒரு தாயின் கேள்வி

1902-இல் ஆங்கில மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட், சிறுநீர் கறுத்துப்போகும் அல்காப்டோனூரியா என்ற நோயை ஆராய்ந்து, உடலின் வேதிவினைகளில் ஏற்படும் பிழையும் பரம்பரையாக இறங்கும் என்று காட்டினார். அந்தக் கருத்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதிகம் கவனிக்கப்படாமல் கிடந்தது.

1934-இல் நார்வேயின் ஒஸ்லோ நகரில் ஒரு தாய், மனவளர்ச்சி குன்றிய தன் மகளையும் மகனையும் மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங்கிடம் கொண்டுவந்தார். அதற்கு முன் பல மருத்துவர்களைப் பார்த்துவிட்டார். பிள்ளைகளிடம் எப்போதும் வீசும் விசித்திரமான வாடைக்கும் அவர்கள் நிலைக்கும் தொடர்பு இருக்குமோ என்பது அவருடைய கேள்வி. ஃபோலிங் மருத்துவத்துக்கு முன் வேதியியல் படித்தவர். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கலந்தார். எதிர்பார்த்த நிறம் வரவில்லை; ஆழ்ந்த பச்சை வந்து, சிறிது நேரத்தில் மங்கியது. அவர் அறிந்த எந்தப் பொருளும் அப்படி நிறம் மாறாது. அந்தத் தாய் தொடர்ந்து கொண்டுவந்து கொடுத்த சிறுநீரை லிட்டர் கணக்கில் பகுத்து, அதிலிருப்பது பினைல்பைருவிக் அமிலம் என்று நிறுவினார். பிறகு காப்பகங்களில் இருந்த 430 பேரைச் சோதித்ததில் மேலும் எட்டுப் பேரிடம் அதே பச்சை நிறம் தெரிந்தது. மனவளர்ச்சிக் குறைபாட்டுக்கு ஒரு திட்டவட்டமான வேதியியல் காரணம் இருக்கக்கூடும் என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. மருத்துவர்கள் பொருட்படுத்தாத வாடையை ஒரு தாய் விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததை இந்த வரலாற்றின் தொடக்கமாக வைப்பதே நியாயம்.

இதே நோய்தான் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் பேர்ல் பக்கின் வாழ்விலும் இருந்தது. 1920-இல் பிறந்த அவருடைய மகளுக்குப் பி.கே.யூ. இருந்தது, அது தெரியவந்ததோ பல ஆண்டுகள் கழித்து. ‘தி குட் எர்த்’ நாவலின் வருமானம் அந்த மகளின் பராமரிப்புக்கும் பயன்பட்டது. 1950-இல், வளராத குழந்தையைப் பற்றி அவர் வெளிப்படையாக எழுதிய நூல், இத்தகைய பிள்ளைகளை மறைத்து வைத்திருந்த பல குடும்பங்களுக்குப் பேசும் துணிவைத் தந்தது.

சிகிச்சை பிறந்த விதம்

காரணம் தெரிந்தும் பதினேழு ஆண்டுகள் மருத்துவம் கையறு நிலையில் இருந்தது. 1951-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில், நோயுற்ற சிறுமியின் தாய் ஒருவர் ஹார்ஸ்ட் பிக்கல் என்ற இளம் மருத்துவரை நாள்தோறும் சந்தித்து, நோயின் பெயரைச் சொன்னால் போதாது, சிகிச்சை எங்கே என்று கேட்டார். பிக்கல், ஜான் ஜெரார்ட், ஈவ்லின் ஹிக்மன்ஸ் மூவரும் சேர்ந்து, பால் புரதத்தைச் சிதைத்து அதிலிருந்து பினைல்அலனினைக் கரியால் வடித்தெடுத்து ஒரு பானம் தயாரித்தார்கள். லண்டனில் இருந்த லூயிஸ் உல்ஃபின் யோசனை அவர்களுக்கு உதவியது. சில மாதங்களில் அந்தச் சிறுமி தவழவும் நிற்கவும் தொடங்கினாள், முடி கறுத்தது, சுவரில் தலையை மோதிக்கொள்வது நின்றது.

உணவுதான் காரணம் என்று நிறுவுவதற்காக, தாய்க்குச் சொல்லாமல் பானத்தில் பினைல்அலனினைச் சேர்த்தார்கள். குழந்தை ஒரு நாளுக்குள் பின்னடைந்தாள். பிறகு தாயின் ஒப்புதலுடன், மருத்துவமனையில் வைத்தே அதே சோதனையை மறுபடி செய்தார்கள். அறிவியலுக்கு வலுவான சான்று கிடைத்தது. என்றாலும் முதல்முறை மறைத்துச் செய்தது தவறுதான். நோயாளியின் ஒப்புதல் என்பது இன்று மருத்துவத்தின் அடிப்படை விதியாக இருப்பதற்கு இத்தகைய நிகழ்வுகளும் காரணம்.

அந்தச் சிறுமிக்குச் சிகிச்சை பிந்தி வந்ததால் இழந்த அறிவு வளர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. உணவு பலன் தரும், ஆனால் முதல் வாரங்களிலேயே தொடங்க வேண்டும் என்பது அதிலிருந்து தெளிந்தது. ஐம்பதுகளில் செய்த சிறுநீர்ச் சோதனை அதற்கு உதவவில்லை. இரத்தத்தில் அளவு மிக ஏறிய பிறகுதான் சிறுநீரில் அந்த அமிலம் தென்படும். அதற்குள் பல வாரங்கள் ஓடிவிடும்.

இந்தத் தடையை நீக்கியவர் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பணியாற்றிய ராபர்ட் கத்ரி. அவருடைய மகன் மனவளர்ச்சி குன்றியவர். உறவில் ஒரு சிறுமிக்குப் பி.கே.யூ. இருந்தது. குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்தை வடிதாளில் ஊறவைத்து உலர்த்தி, அதில் ஒரு சிறு வட்டைத் துளைத்தெடுத்து, பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் கலந்த அகர் தட்டில் வைத்தார். பினைல்அலனின் மிகுந்த இரத்தமானால் அந்தத் தடை முறிந்து, வட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளையமாக வளரும். வளையத்தின் அகலமே அளவுகோல். செலவு மிகக் குறைவு. உலர்ந்த தாளை உறையிலிட்டுத் தபாலிலும் அனுப்பலாம். 1963-இல் அவரும் ஏடா சூசியும் வெளியிட்ட கட்டுரைக்கு முன்பே 29 மாநிலங்களில் நான்கு லட்சம் குழந்தைகள் சோதிக்கப்பட்டிருந்தனர். 39 பேருக்கு நோய் இருந்தது. அதே ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலம் இதைச் சட்டமாக்கியது.

இன்றைய கண்டறிதல்

வடிதாள் அப்படியே நிலைத்துவிட்டது. பாக்டீரியாவின் இடத்தை இரட்டை நிறை நிறமாலைமானி பிடித்துக்கொண்டது. தொண்ணூறுகளில் வந்த இக்கருவி ஒரே துளியில் பினைல்அலனினோடு, மேப்பிள் சிரப் சிறுநீர் நோய், நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பமில ஆக்சிஜனேற்றக் கோளாறு உள்ளிட்ட பல நோய்களையும் சில நிமிடங்களில் காட்டும். குழந்தை பிறந்து 24 முதல் 72 மணி நேரத்துக்குள் இரத்தம் எடுப்பது வழக்கம். அதற்கு முன் எடுத்தால், போதிய பால் குடிக்காத நிலையில் அளவு ஏறாமல் நோய் தப்பிவிடலாம்.

முதல் சோதனை சந்தேகத்தை மட்டுமே எழுப்பும். பிளாஸ்மாவில் அமினோ அமிலங்களை அளந்து, பினைல்அலனினுக்கும் டைரோசினுக்கும் உள்ள விகிதம் பார்த்து உறுதிசெய்வார்கள், மரபணுவையும் படிப்பார்கள். இத்துடன் துணைப்பொருள் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். பினைல்அலனின் ஏறிய குழந்தைகளில் சுமார் நூற்றுக்கு இரண்டு பேரிடம் நொதி நன்றாகவே இருக்கும், பழுதோ டெட்ராஹைட்ரோபயாப்டெரினில். அவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. மூளையில் டோபமினும் செரடோனினும் உண்டாவதற்கான முன்பொருள்களும் மருந்தாகத் தரப்பட வேண்டும்.

அன்றாடப் பராமரிப்பு

சிகிச்சையின் மையம் சமையலறை. புரதத் தேவையின் பெரும்பகுதியைப் பினைல்அலனின் நீக்கிய சிறப்புப் பால்மாவு தரும். எஞ்சிய சிறு பகுதி இயல்பான உணவிலிருந்து அளந்து கொடுக்கப்படும். முற்றிலும் நிறுத்தவும் கூடாது. அறுபதுகளில் மிகக் கடுமையாகக் குறைத்ததால் வளர்ச்சி குன்றி நலிந்த குழந்தைகள் உண்டு. தாய்ப்பாலில் பினைல்அலனின் குறைவு என்பதால், பால்மாவுடன் சேர்த்துத் தாய்ப்பாலும் கொடுக்கலாம். பழைய மருத்துவர்கள் தாய்ப்பாலை அடியோடு நிறுத்தச் சொன்னது தேவையற்ற வேதனை.

நம் வீட்டுச் சாப்பாட்டில் வைத்துப் பார்த்தால் இதன் கடுமை புரியும். பருப்பு, உளுந்து, பால், தயிர், முட்டை, மீன், கறி, நிலக்கடலை எல்லாம் விலக்கு. இட்லி, தோசை, சாம்பார் அதற்குள் அடங்கிவிடும். சோறுகூட எடைபோட்டுத்தான். மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து வரும் ஜவ்வரிசியில் புரதம் மிகக் குறைவு. அது இப்பிள்ளைகளுக்கு நல்ல துணை. சர்க்கரை, எண்ணெய், பெரும்பாலான பழங்கள், பல காய்கள் தாராளமாக உண்ணலாம். அஸ்பார்டேம் கலந்த இனிப்புப் பொருள்கள் ஆகாது. அதில் பினைல்அலனின் உள்ளது. சர்க்கரையில்லாக் குளிர்பானங்களில் இந்நோயாளிகளுக்கான எச்சரிக்கை அச்சிடப்படுவது அதனால்தான்.

இரத்தத்தில் பினைல்அலனின் அளவை லிட்டருக்கு 120 முதல் 360 மைக்ரோமோலுக்குள் வைப்பது குறிக்கோள். பன்னிரண்டு வயதுக்கு மேல் 600 வரை ஐரோப்பிய வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. அமெரிக்க வழிகாட்டுதல் வாழ்நாள் முழுதும் 360 என்கிறது. குழந்தைப் பருவத்தில் வாரந்தோறும் வீட்டிலேயே விரலில் குத்தி வடிதாளில் எடுத்து அனுப்புவது பல நாடுகளில் வழக்கம். காய்ச்சல் வந்தால் அளவு ஏறும். சாப்பிடாதபோது உடல் தன் புரதத்தையே கரைக்கிறது. அப்போது மாவுச்சத்தும் சிறப்புப் பால்மாவும் விடாமல் கொடுக்க வேண்டும்.

மூளை வளர்ந்து முடிந்துவிட்டது என்று எண்ணிப் பள்ளி வயதிலேயே கட்டுப்பாட்டைக் கைவிடச் சொன்ன காலம் இருந்தது. அப்படி விட்டவர்களிடம் கவனச் சிதறலும் மனச்சோர்வும் பதற்றமும் கூடின. இப்போது உணவுமுறை ஆயுள் முழுவதற்கும் என்பதே பரிந்துரை.

கருவுற்ற பெண்கள்

சிறுவயதில் காப்பாற்றப்பட்ட பெண்கள் தாயானபோது புதிய ஆபத்து தெரிந்தது. தாயின் இரத்தத்தில் மிகுந்த பினைல்அலனின், நோயில்லாத கருவையும் தாக்குகிறது. 1980-இல் ரோஜர் லென்கியும் ஹார்வி லெவியும் தொகுத்த ஆய்வில், மிக உயர்ந்த அளவோடு கருவுற்ற தாய்மாரின் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அறிவு வளர்ச்சி குன்றியிருந்தது. சிறிய தலையும் இதயக் குறைபாடும்கூட இருந்தன. கருவுறுவதற்கு முன்பே அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் இவற்றைத் தவிர்க்கலாம். பெண் பிள்ளை பருவமடையும்போதே இதைச் சொல்லிவைப்பது நல்லது.

மருந்துகள்

துணைப்பொருளின் செயற்கை வடிவமான சாப்ரோப்டெரின் அமெரிக்காவில் 2007-இல் அனுமதி பெற்றது. நொதி சிறிதேனும் எஞ்சியுள்ளவர்களுக்கே இது பலன் தரும். 2018-இல் வந்த பெக்வாலியேஸ் ஊசி, பினைல்அலனினை வேறு வழியில் சிதைக்கும் அயல் நொதி. பெரியவர்கள் சிலர் இதனால் இயல்பான உணவுக்குத் திரும்பினார்கள். கடுமையான ஒவ்வாமை வரலாம் என்பதால் எச்சரிக்கை தேவை. 2025-இல் செபியாப்டெரின் என்ற மருந்தும் சேர்ந்துள்ளது.

இந்தியாவில்

எல்லாப் பச்சிளங்குழந்தைகளையும் சோதிக்கும் கட்டாயம் நாடு தழுவிய அளவில் இல்லை. கேரளம் அரசு மருத்துவமனைகளில் நடத்தும் சோதனையில் பி.கே.யூ.-வையும் சேர்த்துள்ளது, பிற இடங்களில் பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில் காசு கொடுத்துத்தான் செய்துகொள்ள வேண்டும். 2021-ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, சிறப்பு உணவால் கட்டுப்படுத்தத்தக்க நோய்களின் பட்டியலில் இதையும் வைத்து நிதியுதவிக்கு வழிசெய்தது. சோதனையைப் பரவலாக்காமல் சிகிச்சைக்கு மட்டும் பணம் ஒதுக்கினால், அது பெரும்பாலும் பிந்தி வந்தவர்களுக்கே போய்ச்சேரும்.

முதல் குழந்தைக்கு நோய் இருந்தால், அடுத்த குழந்தையைப் பிறந்த ஓரிரு நாளிலேயே சோதிக்க வேண்டும். குடும்பத்தின் மரபணுப் பிழை தெரிந்திருந்தால் கருவிலேயே அறியலாம். காரணம் தெரியாத வளர்ச்சிக் குறையோ வலிப்போ உள்ள பெரிய பிள்ளைகளுக்கும் இந்த இரத்தச் சோதனை பயனுள்ளதே. பல ஆண்டுகள் கழித்து உணவுமுறையைத் தொடங்கினால் இழந்த அறிவு மீளாது. ஆனால் வலிப்பும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் குறைந்து, உறக்கமும் கவனமும் மேம்பட்ட நோயாளிகள் பலர் உண்டு.