வெயிலை அளந்த கதை

அரியலூர் கடைவீதியில் எங்கள் தாத்தா நடத்திய நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி இரண்டு காரியத்துக்கு விற்கும். பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சளோடு குளியல் பொடிக்கு அரைக்க வாங்குவோர் பலர். மற்றவர்கள் கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பார்கள். பெரம்பலூர்க் கரிசல் காட்டு ஊர்களிலிருந்து வெண்புள்ளிக்கு மருந்து தேடி வந்தவர்கள் அவர்கள். "அரைச்சுப் பூசிக்கிட்டு இளவெயில்ல கொஞ்ச நேரம் நில்லுங்க" என்று தாத்தா சொல்லி அனுப்புவார். சிலருக்குப் புள்ளியில் நிறம் ஏறும். சிலருக்குக் கொப்புளம் வெடித்துப் புண்ணாகும். விதையைத் தராசில் நிறுத்துக் கொடுத்தோம். மார்கழி வெயிலையும் சித்திரை வெயிலையும் நிறுக்க எங்களிடம் எதுவும் இல்லை.

இன்றும் கார்போகரிசியைப் பூசிக்கொண்டு உச்சி வெயிலில் நின்று தோல் வெந்து வருகிறவர்களைப் பார்க்கிறேன். தோல் மருத்துவரிடம் போகச் சொல்கிறேன். அந்த விதையை மட்டும் என்னால் இளப்பமாகப் பேச முடியாது. அது போன தூரம் அப்படி.

1933இல் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கடராவ் என்ற இந்திய வேதியியலாளர்கள் கார்போகரிசியிலிருந்து சோராலன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1940களில் எகிப்தில் எல் மோஃப்டி, நைல் கரையில் முளைக்கும் வேறொரு செடியிலிருந்து எடுத்த அதே வகைப் பொருளை வெண்புள்ளிக்குக் கொடுத்துப் பார்த்தார். 1974இல் பாஸ்டனில், மதுகர் பதக் இடம்பெற்ற குழு சோரியாசிஸ் நோயாளிகளுக்குச் சோராலன் வகை மாத்திரையைக் கொடுத்து, புற ஊதா 'ஏ' கதிரை விளக்கிலிருந்து அளந்து பாய்ச்சியது. சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை ஜூல் என்று கணக்கு. தாத்தாவிடம் இல்லாத தராசு அதுதான். அதே முறை தோலில் வரும் டி-செல் லிம்போமா என்ற புற்றுநோய்க்கும் போனது. 1987இல் எடெல்சன் குழு, நோயாளியின் ரத்த வெள்ளணுக்களை வெளியே எடுத்து, ஒளி காட்டி உடலுக்குள் திருப்பி அனுப்பிய முறையை வெளியிட்டது.

ஒளி பட்ட சோராலன் செல்லின் டி.என்.ஏ இழைகளைப் பிணைத்துவிடும். ஒளியால் புற்றைக் கொல்லும் இன்னொரு வழி ஆக்சிஜனை நம்பியது. 1900 வாக்கில் மியூனிக்கில் ஆஸ்கர் ராப், அக்ரிடின் சாயத்தில் கிடந்த ஒற்றைச்செல் உயிர்கள் வெளிச்சம் பட்டதும் சாவதைக் கண்டார். 1903இல் அவருடைய ஆசிரியர் டாப்பைனரும் யெசியோனெக்கும் தோல் புற்றில் இயோசின் சாயம் தடவி ஒளி காட்டினார்கள். பிற்காலத்தில் சாயத்தின் இடத்துக்குப் போர்ஃபிரின் வந்தது. ஒளி பட்ட போர்ஃபிரின் ஆக்சிஜனைக் கிளப்பிவிட, செல் சவ்வின் கொழுப்பில் சேதம் காய்ந்த சருகில் விழுந்த தீயாகப் பரவுகிறது.

இங்கேதான் நைட்ரிக் ஆக்சைடு வருகிறது. ரத்தக் குழாயைத் தளர்த்தும் இந்த வாயுவைப் பற்றிய ஆய்வு 1998இல் நோபல் பரிசு பெற்றது. அமெரிக்காவின் மில்வாக்கியில் ஆல்பர்ட் கிரோட்டியின் குழு கண்டது என்னை உலுக்கியது. ஒளி தாக்கியும் சாகாத புற்றுச் செல்கள் ஒரு நொதியைப் பெருக்கி இந்த வாயுவைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. சிறிதளவு வாயு, கொழுப்பில் தொடர்ந்து பரவும் சேதத்தை நடுவில் அறுத்துவிடுகிறது. தப்பிய செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகுகின்றன, இடம் நகர்கின்றன. அளவு கூடினாலோ அதே வாயு சூப்பராக்சைடோடு சேர்ந்து பெராக்சிநைட்ரைட்டாகிச் செல்லையே கொல்லும்.

அந்த நொதியைத் தடுத்தால் சிகிச்சையின் வலு கூடுவதை ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் பார்த்திருக்கிறார்கள். நோயாளிகளுக்கான வழக்கமான சிகிச்சையாக அது இன்னும் வரவில்லை. மருந்தையும் ஒளியையும் அளப்பதோடு, அடிபட்ட செல் என்ன பதில் செய்கிறது என்பதையும் அளந்தாக வேண்டும்.